சிக்னல் கம்பமும் உங்கள் வை-ஃபை ரூட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களில் பலர் இப்போது கூடவே ஒரு வை-ஃபை ரூட்டரையும் வாங்கி விடுகிறார்கள். அந்த ரூட்டர் வந்த அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு எண்கள் அச்சாகி இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரும் ரூட்டரும் எந்த அலைவரிசையில் பேசிக் கொள்கின்றன என்பதைத்தான் அவை சொல்கின்றன. அந்த 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை முடிகிற இடத்துக்குப் பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் தெரியுமா? கார்களும், சாலைச் சந்திப்பில் நிற்கும் சிக்னல் கம்பங்களும்தான்! அமெரிக்காவில் இந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் நடந்த இடத் தகராறில் கார்கள் தோற்றுப் போயின. அது சரியா, தவறா என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை உங்களோடு பகிர்ந்து கொள்ளலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு சொந்த அனுபவம். நான் சாப்ட்வேர் இன்ஜினியர். வேலை விஷயமாக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்குப் பக்கத்தில் சில மாதங்கள் தங்க வேண்டியிருந்தது. அங்கே வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்லும். எனவே நம் ஊரில் வலப்பக்கம் திரும்புவது எவ்வளவு சிரமமோ, அவ்வளவு சிரமம் அங்கே இடப்பக்கம் திரும்புவது. எதிரே வருகிற வாகனங்களைக் குறுக்காகக் கடந்துதான் திரும்பியாக வேண்டும்.

ஒரு நாள் மாலை வாடகைக் காரில் வந்துகொண்டிருந்தேன். ஒரு சந்திப்பில் இடப்பக்கம் திரும்பக் காத்திருந்தேன். சிக்னலில் மஞ்சள் அம்புக்குறி மினுக்கிக் கொண்டிருந்தது. எதிரே வருகிறவருக்கு வழிவிட்டு, பிறகு நீ திரும்பலாம் என்பது அதற்குப் பொருள். எனக்கு நேர் எதிரே, என்னைப் போலவே திரும்புவதற்காக ஒரு பெரிய டிரக் நின்றது. அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்பது எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் வரவில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டு வண்டியை எடுத்தேன். டிரக்கின் மறைவிலிருந்து ஒரு கார் நேராக வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிரேக் அடித்தோம். மோதவில்லை. ஆனால் இரண்டு கார்களுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத்தான் இடம் இருந்தது. அந்தக் காரை ஓட்டியவர் வயதான ஒரு பெண்மணி. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக் கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, எங்கள் குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர், "அந்தக் கம்பத்தின் மேல் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்குமே, கவனிச்சியா தம்பி? அது எல்லா வண்டிகளோடும் பேசுகிற பெட்டி" என்றார். நான் கவனித்ததில்லை. அன்று மாலையே போய்ப் பார்த்தேன். இருந்தது. அது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. என் வாடகைக் காருக்குத்தான் காது இல்லை.

அது என்ன பேசுகிறது என்று பார்ப்போமா? இதற்குச் சாலையோரக் கருவி என்று பெயர். ஏறத்தாழ உங்கள் ரூட்டரைப் போன்றதுதான். ஆனால் வெயிலையும் பனியையும் தாங்குகிற உறுதியான பெட்டிக்குள் இருக்கும். ஒரு கம்பி சிக்னலைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குப் போகும். எந்தத் திசைக்கு இப்போது என்ன நிறம், அந்த நிறம் மாற இன்னும் எத்தனை வினாடி என்ற செய்தியை அந்தப் பெட்டி வினாடிக்குப் பத்து முறை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அதனுடன் அந்தச் சந்திப்பின் வரைபடத்தையும் அனுப்பும். எந்த லேன் எங்கே தொடங்குகிறது, நிறுத்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் உண்டு. சாதாரண ஜி.பி.எஸ். சில மீட்டர் தப்பாகக் காட்டும். ஒரு லேனின் அகலமே மூன்றரை மீட்டர்தான் என்பதால், அந்தத் தவறைச் சரிசெய்யும் திருத்தத் தகவலையும் சில பெட்டிகள் சேர்த்து அனுப்புகின்றன.

இப்போது காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரின் கணக்கைப் பாருங்கள். பள்ளிக்கூடக் கணக்குதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். நிறுத்தக் கோடு 80 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே போய்ச் சேர 4.8 வினாடி ஆகும். பெட்டியோ இன்னும் 3 வினாடியில் சிவப்பு என்கிறது. அப்படியானால் இந்த டிரைவர் பிரேக்கில் கால் வைக்காவிட்டால் சிவப்பு விழுந்த பிறகு சந்திப்புக்குள் நுழையப் போகிறார். உடனே ஒலி எழுப்பி எச்சரிக்கலாம். மனிதர் சுதாரித்துக் காலை நகர்த்துவதற்கு ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே 25 மீட்டர் ஓடிப் போயிருக்கும். அதனால்தான் எச்சரிக்கை சீக்கிரமாக வர வேண்டும், தாமதமே கூடாது.

"இதற்கு எதற்குத் தனி ரேடியோ? செல்போன் இன்டர்நெட்டில் அனுப்பினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் நடந்திருக்கிறது. 2016 டிசம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஆடி நிறுவனம் தன் கார்களில் பச்சை விழ எத்தனை வினாடி என்று காட்டும் வசதியைச் செல்போன் நெட்வொர்க் வழியாகத்தான் கொடுத்தது. சிக்னலில் காத்திருப்பவருக்குப் பொழுது போகும், அவ்வளவுதான். நெட்வொர்க் நெரிசலில் ஒரு செய்தி இரண்டு வினாடி தாமதமாக வந்தால் ஈ-மெயிலுக்கு ஒன்றும் ஆகாது. பிரேக்குக்கு ஆகும். எனவே நடுவில் டவர் எதுவும் இல்லாமல் பெட்டியும் காரும் நேரடியாகப் பேச வேண்டும். அதற்கு வேறு யாரும் கூச்சல் போடாத ஒரு அலைவரிசை வேண்டும்.

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எப்.சி.சி. 1999-ல் இதைப் புரிந்துகொண்டு 5.850 முதல் 5.925 கிகாஹெர்ட்ஸ் வரை 75 மெகாஹெர்ட்ஸ் இடத்தை இதற்கென்றே ஒதுக்கியது. பேசும் மொழியாக வை-ஃபையையே கொஞ்சம் மாற்றி 802.11பி என்று ஒரு தரத்தை உருவாக்கினார்கள். (பழைய ரூட்டர்களில் இருந்த 802.11பி-யோடு இதைக் குழப்பிக் கொள்ளாதீர்கள். அது ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து, இது பதினாறாவது எழுத்து. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுத வேண்டியிருப்பது நம் தலைவிதி!) அந்தத் தரம் 2010-ல் அங்கீகரிக்கப்பட்டது. 2012 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பர் நகரில் ஏறத்தாழ 2,800 வாகனங்களில் கருவி பொருத்தி நிஜமான தெருக்களிலேயே சோதித்தார்கள். ஒவ்வொரு வாகனமும் தன் இடம், வேகம், திசை ஆகியவற்றை வினாடிக்குப் பத்து முறை சொல்லிக்கொண்டே போனது. கருவி வேலை செய்தது. 2014-ல் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு கணக்கு வெளியிட்டது. எல்லா வாகனங்களிலும் இந்தக் கருவி இருந்தால், சந்திப்பு மோதல்களுக்கும் இடப்பக்கத் திருப்பத்துக்குமான இரண்டு எச்சரிக்கைகள் மட்டுமே வருடத்துக்கு 5,92,000 விபத்துகள் வரை தடுக்கலாம், 1,083 உயிர்கள் வரை காப்பாற்றலாம் என்பதுதான் அது.

எல்லா வாகனங்களிலும் இருந்தால் என்ற அந்த வார்த்தைகளில்தான் சிக்கலே இருக்கிறது.

உங்கள் ஊரில் நீங்கள் ஒருவர் மட்டும் டெலிபோன் வைத்திருந்தால் யாருக்குப் போன் செய்வீர்கள்? முதல் காரில் ரேடியோ வாங்கிப் பொருத்துகிறவர் நிலைமையும் அதுதான். பணம் அவருடையது, பலன் பூஜ்யம். அதனால் கார் கம்பெனிகள் மற்றவர் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தன. 2016 டிசம்பரில் அரசாங்கம் இதைக் கட்டாயமாக்கும் விதியை முன்மொழிந்தது. கட்டாயம் என்றால் இந்த முடிச்சு அவிழ்ந்திருக்கும். ஆனால் அந்த விதி இறுதி வடிவம் பெறவே இல்லை, 2023 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. நடுவில் டொயோட்டா நிறுவனம் 2021 முதல் தானாகவே பொருத்தப் போவதாக 2018-ல் அறிவித்து, மறு வருடமே அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தது.

இப்போது என் கதைக்குத் திரும்புகிறேன். என் வாடகைக் காருக்குக் காது இருந்திருந்தால் அன்றைக்கு நான் பிழைத்திருப்பேனா? ஒரு இன்ஜினியராக நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், இல்லை. அந்தப் பெட்டி சிக்னலின் நிறத்தைத்தான் சொல்லும். எனக்கு மினுக்கும் மஞ்சள், அந்தப் பெண்மணிக்குப் பச்சை. யாரும் சிவப்பை மீறவில்லை. அவருடைய காரும் சாதாரணக் கார்தான், தான் வருவதை அது யாருக்கும் சொல்லியிருக்காது. டிரக்குக்குப் பின்னால் ஒரு கார் வருகிறது என்ற ஒரே ஒரு தகவல்தான் எனக்குத் தேவைப்பட்டது. அது பெட்டிக்கும் தெரியாது. ஆறு மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு, நான்கு பக்கமும் தெளிவாகத் தெரிகிற இடத்தில் இருந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நிறத்தை மட்டும் ஒப்பித்துக் கொண்டிருந்தது!

இந்த விஷயத்தில் எனக்கு ஜப்பான்காரர்களின் வழிதான் பிடித்திருக்கிறது. அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கமே வண்டி ஓட்டுகிறார்கள், எனவே வலப்பக்கத் திருப்பம்தான் அவர்களுக்கும் ஆபத்து. 2015-ல் டொயோட்டா தன் கிரவுன் காரில் கொண்டுவந்த ஐ.டி.எஸ். கனெக்ட் என்ற வசதியில், சந்திப்பில் உள்ள சென்சார்கள் எதிரே வரும் வாகனத்தையும், சாலையைக் கடக்கும் பாதசாரியையும் பார்க்கின்றன. பார்த்ததைக் கம்பத்திலிருக்கும் கருவி ரேடியோவில் சொல்கிறது. திரும்பக் காத்திருக்கும் டிரைவர் கவனிக்காமல் வண்டியை எடுக்கப் பார்த்தால் உள்ளே பீப் ஒலியும் திரையில் படமும் வரும். எதிரே வரும் வாகனத்தில் எந்தக் கருவியும் இருக்க வேண்டியதில்லை. சைக்கிளில் வருகிறவரும், நடந்து வருகிற பாட்டியும் எந்த ரேடியோவும் வாங்க வேண்டியதில்லை. முதல் காரை வாங்கியவருக்கு முதல் நாளே பலன் கிடைக்கிறது. டெலிபோன் சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் அவர்கள் செய்தார்கள். அனலாக் டிவி ஒளிபரப்பு நின்றுபோனதால் காலியான இடத்திலிருந்து 760 மெகாஹெர்ட்ஸ் பகுதியை இதற்கு எடுத்துக் கொண்டார்கள். அலைவரிசை எண் குறையக் குறைய ரேடியோ அலை கட்டட மூலைகளை நன்றாக வளைந்து போகும். உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பக்கத்து அறைக்குப் போனால் 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை மங்கும்போதும் 2.4 தாக்குப்பிடிக்கும். குறையும் உண்டு, மறைக்கவில்லை. தொடக்கத்தில் டோக்கியோ, ஐச்சி போன்ற பகுதிகளில் சில சந்திப்புகளில் மட்டுமே கருவி இருந்தது. கம்பத்தில் சென்சார் பொருத்தப் பணம் வேண்டும், அதன் கண்ணாடியைத் துடைக்க ஆள் வேண்டும்.

சரி, அமெரிக்காவின் இடத் தகராறுக்கு வருவோம். இருபது வருடமாக ஒதுக்கி வைத்த இடம் ஏறத்தாழ காலியாகவே கிடந்தது. பக்கத்தில் வை-ஃபை வீட்டில் கூட்டம் தாங்கவில்லை. 2020 நவம்பர் 18 அன்று எப்.சி.சி. அந்த 75 மெகாஹெர்ட்ஸில் கீழ்ப்பகுதி 45-ஐ வை-ஃபை போன்ற பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுத்துவிட்டது. கார்களுக்கு மிஞ்சியது 30. எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் 2022 ஆகஸ்டில் தோற்றார்கள்.

வை-ஃபை தரப்பின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2020-ல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்தோம். ஒரே ரூட்டரில் அப்பாவின் மீட்டிங்கும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பும் தடுமாறியதை நானும் பார்த்தவன்தான். காலி வீட்டைப் பூட்டி வைப்பது அநியாயம் என்ற வாதத்துக்குப் பதில் சொல்வதும் எளிதல்ல. ஆனால் அதே எப்.சி.சி., அதே 2020-ல், ஏப்ரல் மாதம், 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 1,200 மெகாஹெர்ட்ஸை வை-ஃபைக்குத் திறந்து விட்டிருந்தது! உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் 1,200 ஜி.பி. இடம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகும் பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து 45 ஜி.பி.யை எடுக்கிறீர்கள். எடுத்தவருக்கு அது பெரிய லாபமில்லை, இழந்தவருக்கு இருந்ததில் பாதிக்கு மேல்.

போதாக்குறைக்கு மொழியையும் மாற்றிவிட்டார்கள். மிஞ்சிய 30 மெகாஹெர்ட்ஸில் பழைய 802.11பி கூடாது, செல்போன் தொழில்நுட்பத்திலிருந்து பிறந்த சி-வி2எக்ஸ் என்ற முறைதான் இனி என்றார்கள். அதற்கான இறுதி விதிகள் 2024 நவம்பரில் வந்தன, பழைய கருவிகளை நிறுத்த இரண்டு வருட அவகாசம் கொடுக்கப்பட்டது. சி-வி2எக்ஸ் நல்ல தொழில்நுட்பம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. பிளாப்பி டிரைவ் இல்லாத கம்ப்யூட்டர் வந்தபோது பெட்டி பெட்டியாகப் பிளாப்பி வைத்திருந்தவர்களுக்கு என்ன ஆனதோ, அதுதான் பல மாநிலங்களில் கம்பங்களில் ஏற்றி வைத்திருந்த பெட்டிகளுக்கும் ஆனது.

பாதுகாப்பு பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். சிக்னல் கம்பத்துக்கு வயர்லெஸ் கொடுத்தால் யாராவது உள்ளே நுழைய மாட்டார்களா? நுழைந்து காட்டியிருக்கிறார்கள். 2014-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சாலை நிர்வாகத்தின் அனுமதியோடு, ஒரு ஊரின் சிக்னல் நெட்வொர்க்கைச் சோதித்தார்கள். சந்திப்புகளை இணைத்த வயர்லெஸ் இணைப்புக்கு என்கிரிப்ஷன் இல்லை. கருவிகளில் தயாரிப்பாளர் கொடுத்த பாஸ்வேர்டே அப்படியே இருந்தது! ஒரு லேப்டாப்பை வைத்து அவர்களால் விளக்கின் நிறத்தை மாற்ற முடிந்தது. நல்ல வேளையாக எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை விழாதபடி தடுக்கும் தனி ஹார்டுவேர் ஒன்று அங்கே உண்டு. அதைச் சாப்ட்வேரால் ஏமாற்ற முடியாது. (உங்கள் ரூட்டரின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டீர்களா? இல்லையென்றால் இந்தப் பக்கத்தில் விரலை வைத்துவிட்டுப் போய் மாற்றிவிட்டு வாருங்கள்.) அந்தச் சோதனை நடந்தது சிக்னல்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க்கில். காரோடு பேசும் செய்திகளில் ஒவ்வொன்றுக்கும் டிஜிட்டல் கையெழுத்து உண்டு. போலிச் செய்தியைக் கார் ஒதுக்கிவிடும். ஆனால் கையெழுத்துப் போடும் பெட்டிக்கே தவறான தகவல் போனால், அது தவறுக்கும் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடும். பூட்டு இரண்டு இடத்திலும் தேவை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை பொய் எச்சரிக்கை. கம்ப்யூட்டரில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் டயலாக் பாக்ஸை நீங்கள் கடைசியாக எப்போது முழுவதும் படித்தீர்கள்? ஓகே, ஓகே என்று அழுத்திக்கொண்டே போவோம். சந்திப்புக்குச் சந்திப்பு தேவையில்லாமல் பீப் அடித்தால் பத்து நாளில் டிரைவரின் காது மரத்துவிடும். ஜப்பானில் டிரைவர் வண்டியை எடுக்கப் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் ஒலியை வைத்திருப்பது அதனால்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அமெரிக்காவில் நடக்கும் சாலை மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று சந்திப்புகளோடு தொடர்புடையது. 2024 ஆகஸ்டில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட திட்டத்தில், 75 பெரிய நகர்ப்பகுதிகளில் சிக்னல் உள்ள சந்திப்புகளில் 25 சதவீதத்துக்கு 2028-க்குள்ளும், 85 சதவீதத்துக்கு 2036-க்குள்ளும் இந்தக் கருவி வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. எண்ணிக்கையைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனையும் நிறத்தை மட்டும் ஒப்பிக்கும் பெட்டிகளாக இருந்தால் என்னைப் போன்ற அவசரக்காரனுக்குப் பயனில்லை. 85 சதவீதம் வேண்டாம். டிரக் மறைக்கிற, மஞ்சள் அம்பு மினுக்குகிற சந்திப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்து, அங்கே கேமராவோ ராடாரோ சேர்த்து வையுங்கள் என்பதுதான் என் கட்சி. சென்சார் பார்த்ததைக் கார்களுக்குச் சொல்வதற்கென்று அமெரிக்க ஆட்டோமொபைல் இன்ஜினியர்கள் சங்கம் 2022-லேயே ஒரு செய்தி வடிவத்தை வெளியிட்டுவிட்டது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஒரு இடர்ப்பாடு இருக்கிறது. நிறத்தைச் சொல்வது சின்னச் செய்தி. சந்திப்பில் இருக்கிற ஒவ்வொரு வாகனத்தையும் ஒவ்வொரு பாதசாரியையும் சொல்வது பெரிய செய்தி, அதற்கு அதிக இடம் வேண்டும். 30 மெகாஹெர்ட்ஸ் இதற்கெல்லாம் காணாது என்று கார் தரப்பினர் அப்போதே வாதாடினார்கள். எடுக்கப்பட்ட அந்த 45 இதற்குத்தான் தேவைப்பட்டிருக்கும். அதில் இப்போது அந்நாட்டு வீட்டு ரூட்டர்கள் பேசிக்கொண்டிருக்கின்றன, இனி அவற்றைக் காலி செய்யச் சொல்ல யாராலும் முடியாது. இருக்கிற 30-க்குள், அபாயமான சந்திப்புகளில், டிரக்குக்குப் பின்னால் வருகிறவர்களைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொன்னால் போதும், இடம் பற்றும் என்பது என் எண்ணம்.

மிச்சிகனிலிருந்து கிளம்புவதற்கு முன்பு அந்தச் சந்திப்பை எத்தனையோ முறை கடந்துவிட்டேன். பெட்டி அங்கேயேதான் இருந்தது. எதிரே டிரக் நின்றால், அது நகர்ந்து போகும் வரை நான் வண்டியை எடுப்பதில்லை. பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.